எட்டாம் பக்கத்துத் தீர்ப்பு

சபை மாத இதழின் மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, அதாவது என் கூடப்பிறந்த தம்பிக்கு, உன் அக்கா எழுதிக்கொள்வது. இங்கே கிருபையால் நான் சுகம். அங்கே நீயும் உன் பெண்டாட்டியும் சுகமா என்று கேட்பது முறை. கேட்டாகிவிட்டது. பதில் எழுத வேண்டாம்.

முதலில் அன்றைக்கு வீட்டில் யார் யார் இருந்தார்கள் என்று எழுதிவிடுகிறேன். நாளைக்கு ஒருத்தரும் "நான் அந்த நேரம் வெளியே நின்றேன்" என்று நழுவக் கூடாது. கூடத்தில் சுவரை ஒட்டிப் பெட்டியில் உன் அத்தான். தலைமாட்டில் நான். என் வலப்பக்கம் என் மகள். அவளுக்குப் பின்னால் மருமகன், தன் வண்டி வெயிலில் நிற்கிறதே என்று வாசலையே பார்த்துக்கொண்டு. கால்மாட்டில் பாஸ்டர், அவர் பக்கத்தில் பாட்டுப் புத்தகத்தோடு பாஸ்டரம்மா. ஜன்னலோரம் பக்கத்து வீட்டுத் தையல்காரி, கழுத்தில் கிடந்த அளவு டேப்பைக் கழற்ற மறந்து ஓடி வந்தவள். கதவோரம் உன் பத்திரிகையை அச்சடிக்கிற அச்சுக்கூடக்காரர், அவர் பக்கத்தில் நீ, உன் பக்கத்தில் உன் பெண்டாட்டி. எல்லாருக்கும் முன்னால், எங்கள் வீட்டில் கை வைத்த ஒரே நாற்காலியில், சபை மூப்பர். இப்போதுதான் அவர் மூப்பர். எனக்கு அவர் என்றைக்கும் கிடங்குச் சூப்பர்வைசர்தான். ஆக, பெட்டியில் இருந்தவரையும் சேர்த்துப் பதினொரு பேர். பாஸ்டர் பேசிக்கொண்டிருந்தபோது அந்தப் பதினொரு பேரில் கண் மூடியிருந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் உன் அத்தான், அவருக்குக் காரணம் உண்டு. இன்னொருவர் சூப்பர்வைசர். பேச்சு ஆரம்பித்த ஐந்தாம் நிமிஷம் தலை தொங்கியது, பத்தாம் நிமிஷம் வாய் திறந்தது. அதை ஜெபம் என்று யாரும் சொல்ல முடியாது, ஏனென்றால் ஜெபத்தில் குறட்டை வராது.

பாஸ்டர் பேசியது நரகத்தைப் பற்றி. சாவு வீட்டில் நாலு வார்த்தை ஆறுதலாகச் சொல்வார் என்று பார்த்தால், மனுஷர் அடுப்பை மூட்ட ஆரம்பித்துவிட்டார். என் மகளைவிட இளையவர், ஆனால் நரகத்தில் குடியிருந்துவிட்டு வந்தவர் மாதிரி அவ்வளவு விவரம். எவ்வளவு சூடு, எந்தப் பக்கம் புழு, எந்தப் பக்கம் புகை, எல்லாம் மனப்பாடம். அங்கே நாக்கு நனைக்க ஒரு சொட்டுத் தண்ணீர் கிடைக்காது என்று சொல்லும்போது என் மகள் கொண்டுபோய் வைத்த இரண்டு டம்ளர் தண்ணீரையும் குடித்துவிட்டார். அங்கே ஒரு நொடிகூடத் தூக்கம் கிடையாது என்றார். நான் சூப்பர்வைசரைப் பார்த்தேன். அப்படியானால் இவருக்கு அங்கே இடம் கொடுக்க மாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன். கடைசியில் குரலைத் தாழ்த்தி, "சிலர் சபைக்கு வருவார்கள், ஆனால் ஜெபத்தில் கண்ணைக்கூட மூட மாட்டார்கள், நானே பார்த்திருக்கிறேன்" என்றார். பெயர் சொல்லவில்லை. பெயர் சொல்லவேண்டிய தேவையும் இல்லை, பத்துப் பேரும் பெட்டியைத்தான் பார்த்தார்கள். தப்பு, ஒன்பது பேர், சூப்பர்வைசர் எதையும் பார்க்கிற நிலைமையில் இல்லை. என் கேள்வி ஒன்றே ஒன்று. ஜெபம் நடக்கும்போது பாஸ்டர் கண்ணை மூடியிருந்தால், உன் அத்தான் கண்ணைத் திறந்திருந்தது அவருக்கு எப்படித் தெரியும்?

சரி, அதையாவது பொறுத்துக்கொண்டேன். சின்னப் பிள்ளை, படித்ததை ஒப்பிக்கிறது என்று விட்டேன். அதற்குப் பிறகு உன் பத்திரிகை வந்தது. எட்டாம் பக்கம், கீழே, பழைய நாற்காலி விற்பனைக்கு என்ற விளம்பரத்துக்குப் பக்கத்தில், "ஓய்வுபெற்ற கிடங்குக் காவலர், கடந்த மாதம் பதினான்காம் தேதி மரித்தார்." மரித்தார். தம்பி, நான் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தவள். அதற்கு மேல் என்னைப் படிக்கவிடாமல் நிறுத்தியது உன்னை இடுப்பில் தூக்கி வைத்துக்கொள்ள ஆள் வேண்டும் என்பதற்காகத்தான், நீ பத்திரிகை ஆசிரியர் ஆனது என் இடுப்பில் உட்கார்ந்துதான். அப்படிப்பட்ட எனக்கே தெரியும், உன் பத்திரிகையில் சாவுக்கு மூன்று வகுப்பு உண்டு. சபைக்கு மைக் செட் வாங்கிக் கொடுத்தவர்களின் வீட்டில் யாராவது போனால் "மகிமைக்குள் பிரவேசித்தார்." என்னை மாதிரி, பாய் விரித்து உட்கார்ந்து பாட்டுப் பாடுகிற ஜனம் போனால் "கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்." மூன்றாவது வகுப்பு "மரித்தார்." இருபத்திரண்டு வருஷமாக நீ நடத்துகிற பத்திரிகையில் அந்த வார்த்தை இதற்கு முன்னால் இரண்டே தரம் வந்தது. ஒன்று, காம்பவுண்டுச் சுவர் விஷயமாகச் சபை மேல் வழக்குப் போட்டவருக்கு. இன்னொன்று, பக்கத்துச் சபைக்கு மாறிப்போன பாட்டு வாத்தியாருக்கு. உன் அத்தான் வழக்கும் போடவில்லை, மாறியும் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கடைசி வரிசையில் கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். வாசல் காவல் பார்த்த ஆள், வேறு எங்கே உட்காருவார்?

பத்திரிகை வந்த மறுநாளே தெருவின் முகம் மாறிவிட்டது. மருமகன் அந்த வரியைச் சத்தமாக வாசித்துவிட்டு, "அப்ப மாமா இல்லையா, அங்க?" என்று கையை மேலே காட்டிக் கேட்டார். என் மகள் அவரோடு மூன்று நாள் பேசவில்லை, அந்த மூன்று நாளும் மனுஷருக்கு ஓய்வாகத்தான் இருந்திருக்கும். பாஸ்டரம்மா பெண்கள் ஐக்கியத்தின் ஜெபக் குறிப்பில் உன் அத்தான் ஆத்துமாவை எழுதினார். அப்புறம் செத்தவர்களுக்காக ஜெபம் பண்ணுவது நம் சபையில் வழக்கமில்லை என்று யாரோ நினைவுபடுத்தியதும் அவர் பெயரை அடித்துவிட்டு அந்த இடத்தில் என்னை எழுதினார். இப்போது புதன்கிழமைதோறும் பதினாலு பெண்பிள்ளைகள் கூடி எனக்காகக் கண்ணீர் விடுகிறார்கள். நான் உயிரோடுதான் இருக்கிறேன், அந்தக் கூட்டத்துக்குப் பாய் போட்டுத் தருவதே நான்தான்.

தையல்காரி ஒருத்திதான் உருப்படியாகப் பேசினாள். அவள் பெரிய கோயிலைச் சேர்ந்தவள், மாதா படம் வைத்திருக்கிறவள். தைக்கக் கொடுத்த ஜாக்கெட்டைக் கொண்டுவந்தவள் உட்கார்ந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்.

"உங்க சபையில ரெண்டே இடந்தான்க்கா. மேல, இல்லன்னா கீழ. எங்க கோயில்ல நடுவுல ஒண்ணு இருக்கு. உத்தரிக்கிற ஸ்தலம்னு பேரு. கொஞ்சம் சூடுதான், ஆனா அழுக்குப் போனதும் வெளிய விட்டுருவாங்க."

"எவ்வளவு நாள் ஆகும்?" என்றேன்.

"அது ஆளைப் பொறுத்தது. எங்க மாமியார் போய்ப் பதினாறு வருஷம் ஆச்சு. நானும் அவசரப்படுத்தல."

எனக்கு அது நல்ல ஏற்பாடாகத்தான் பட்டது. உன் அத்தானிடம் துவைக்கவேண்டிய அழுக்கு இல்லாமல் இல்லை. என் தங்கச்சி கல்யாணத்துக்கு என்னைப் போகவிடாதது ஒன்று, என் கம்மலைத் தொலைத்துவிட்டு எலி தூக்கிக்கொண்டு போனதாகச் சொன்னது இன்னொன்று, இன்னும் ஒரு பதினேழு இருக்கிறது, தேதியோடு சொல்வேன். ஆனால் அதற்கெல்லாம் நித்திய அக்கினியா? ஆறு மாதம் நன்றாக ஊறவைத்து எடுத்தால் போதும். ஆகவே பாஸ்டர் வீடு சந்திக்க வந்தபோது, உன் அத்தானைப் பெரிய கோயிலின் நடு இடத்துக்கு மாற்றிவிட ஒரு கடிதம் தர முடியுமா என்று கேட்டேன். அப்படி ஓர் இடமே கிடையாது என்று சொல்லிவிட்டார். தையல்காரி வீட்டில் நாலு தலைமுறை அங்கே தங்கியிருக்கிறது, இவர் இடமே இல்லை என்கிறார்.

விடவில்லை நான். "ஐயா, அப்ப இவர் இந்த நிமிஷம் எங்க இருக்கார்?" என்று கேட்டேன். சரீரம் மண்ணில் இருக்கிறது, ஆத்துமா காத்திருக்கிற இடத்தில் இருக்கிறது, கடைசி நாளில் எக்காளம் ஊதும், எல்லாரும் எழும்புவார்கள், புத்தகங்களைத் திறப்பார்கள், அதற்கப்புறம்தான் தீர்ப்பு என்று விரல் விட்டுச் சொன்னார்.

"அப்ப இன்னும் தீர்ப்பு ஆகல."

"ஆகலைம்மா."

"ஆகாத தீர்ப்பு எட்டாம் பக்கத்துல எப்படிய்யா வந்துச்சு?"

பாஸ்டர் டம்ளரை எடுத்தார், காலியாக இருந்தது, வைத்தார். பத்திரிகை விஷயமெல்லாம் ஆசிரியர் கையில் இருக்கிறது என்று உன் பக்கம் தள்ளிவிட்டார். நீயோ, நான் மூன்று தரம் ஆள் அனுப்பியும் வராமல், நாலாம் தரம் நானே வந்தபோது, புதுப் பல் கட்டினவன் மாதிரி மென்று முழுங்கினாய். "அக்கா, அது அப்படித்தான்க்கா" என்றாய். உன் பெண்டாட்டி உள்ளேயிருந்து பாத்திரத்தை ஓசைப்படுத்தினாள். அதையும் குறித்து வைத்திருக்கிறேன்.

உன் அத்தான் ஏன் கண்ணை மூட மாட்டார் என்று பாஸ்டருக்குத் தெரியாது. அவர் அப்போது பால் குடித்துக்கொண்டிருந்திருப்பார். உனக்குத் தெரியும், தெரிந்தும் சொல்லாமல் நின்றாயே, அதற்காக இதை எழுதுகிறேன். முப்பத்தொரு வருஷத்துக்கு முன்னால், ஒரு செவ்வாய்க்கிழமை, மத்தியானம் பன்னிரண்டே முக்கால். என் மகளுக்கு அப்போது ஏழு வயது, ஐந்து நாளாகக் காய்ச்சல் இறங்கவில்லை. சாப்பாட்டு டப்பாவைக் கையில் கொடுக்கும்போது, "இன்னைக்குச் சாப்பாட்டு ஜெபத்தை நீளமா பண்ணுங்க, பிள்ளைக்காக" என்று நான்தான் சொல்லி அனுப்பினேன். மனுஷர் சொன்னதைச் செய்தார். கிடங்கின் முன்வாசலில், ஸ்டூலில் உட்கார்ந்து, டப்பாவைத் திறந்து வைத்து, கண்ணை மூடி நீளமாக ஜெபம் பண்ணினார். அந்த நேரம் பார்த்து சூப்பர்வைசர் வந்தார். கூப்பிட்டுக் கேட்கவில்லை. தொட்டுப் பார்க்கவில்லை. நேரே அறைக்குப் போய்ப் பதிவேட்டைத் திறந்து "பணி நேரத்தில் நித்திரை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். வேறு யாராக இருந்தாலும் தூக்கம் என்று எழுதியிருப்பான். இவர் சபைக்காரர், வேத பாஷையில் நித்திரை என்று எழுதினார். தினமும் தானே சாப்பாட்டுக்கு முன்னால் கண்ணை மூடுகிற மனுஷர், இன்னொருத்தன் கண்ணை மூடினால் அது ஜெபமாக இருக்கும் என்று அவருக்குத் தோன்றவில்லை, அவன் காவல்காரன் என்பதால்.

லாரிகள் வந்துபோகிற முன்வாசலிலிருந்து உன் அத்தானைத் தூக்கி நாய்கூட எட்டிப் பார்க்காத பின்வாசலில் போட்டார்கள். ஓய்வு பெறும்வரை அங்கேதான். பிள்ளைக்கு அன்றைக்குச் சாயங்காலமே காய்ச்சல் இறங்கியது, அது வேறு விஷயம். வீட்டுக்கு வந்து டப்பாவை வைத்துவிட்டு ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார். "இனிமே கண்ணைத் திறந்தேதான் பேசுவேன். கேக்கிறவருக்குக் கேக்கும்." அன்றிலிருந்து சபையிலும் சரி, வீட்டிலும் சரி, கண் திறந்த ஜெபம்தான். பஸ்ஸில் எல்லாரும் சாய்ந்து கிடப்பார்கள், இவர் மட்டும் கம்பியைப் பிடித்துக்கொண்டு விறைப்பாக உட்கார்ந்திருப்பார். வீட்டில் மத்தியானம் சற்றே கண்ணயர்ந்தாலும், என் வளையல் சத்தம் கேட்டால் போதும், கண்ணைத் திறக்காமலே "முழிச்சுத்தான் இருக்கேன்" என்பார். ஆஸ்பத்திரியில் அந்தக் கடைசி நாளில் நர்ஸ் வந்து குனிந்து பார்த்து, தூங்குகிறார் என்று என்னிடம் சொன்னாள். "முழிச்சுத்தான் இருக்கேன்" என்றார். அதுதான் அவர் பேசின கடைசி வார்த்தை. பழக்கதோஷம் என்று நினைத்து நான் சிரித்துவிட்டேன்.

இந்தக் கதை முழுவதையும் பாஸ்டருக்கும் சொன்னேன். கடைசிவரை கேட்டார், அதுவரைக்கும் நல்ல பிள்ளைதான். பிறகு, பாடம் ஞாபகம் வந்துவிட்டது போலிருக்கிறது, "நீங்க மூப்பரை மன்னிச்சிரணும்மா. ஒருத்தரை மன்னிக்காம விட்டாலும் பரலோகத்துல உங்களுக்கு வாசல் திறக்காது" என்றார்.

"ஒரே ஒருத்தர்னாலும் திறக்காதா?"

"திறக்காதும்மா."

"நிச்சயமா?"

"நிச்சயமா."

நல்லது என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். வருகிற வெள்ளிக்கிழமை கல் கொத்துகிறவர் வருகிறார். கல்லறைத் தோட்டக் கமிட்டியின் விதி உனக்குத் தெரியும், பத்திரிகையில் என்ன வார்த்தை வந்ததோ அதே வார்த்தைதான் கல்லில் வரவேண்டும். ஒரே கல், மேல்பாதி அவருக்கு, கீழ்ப்பாதி எனக்கு. இன்றைக்கு அவருக்கு "மரித்தார்" என்று கொத்திவிட்டு, நாளைக்கு என்னைப் போடும்போது "நித்திரையடைந்தார்" என்று கொத்தினால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? ஐம்பத்திரண்டு வருஷம் ஒரு கூரைக்குக் கீழே சண்டை போட்டுவிட்டு, கடைசியில் இந்த அம்மா புருஷனை நெருப்பில் விட்டுவிட்டுத் தான் மட்டும் மெத்தையில் படுத்துக்கொண்டாள் என்பார்கள். எனக்கு அவரோடு பேசவேண்டியது பாக்கி இருக்கிறது. மேலே சொன்ன பதினேழையும் நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை. அவர் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் என்றால் யாரிடம் போய்க் கேட்பேன்? ஆகையால் அடுத்த இதழில், அதே எட்டாம் பக்கத்தில், அதே அளவு எழுத்தில், "மரித்தார் என்பது பிழை, கர்த்தருக்குள் நித்திரையடைந்தார் என்று வாசிக்கவும்" என்று போடவேண்டும். வெள்ளிக்கிழமைக்கு முன்னால் அதை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கல்காரரிடம் காட்டவேண்டும். இல்லையென்றால் உன் பத்திரிகை இந்த வீட்டு வாசல்படி ஏறக் கூடாது, நீயும் ஏறக் கூடாது, என் பெட்டியைத் தூக்க நீ வரவும் கூடாது.

உனக்கும், உன்னைச் சேர்ந்தவர்களுக்கும், பாத்திரத்தை ஓசைப்படுத்துகிறவளுக்கும்கூட, சமாதானமும் நீடித்த ஆயுசும் உண்டாவதாக. அவள் மூட்டு வலிக்கு நான் சொன்ன எண்ணெயைத் தேய்க்கச் சொல்.

இப்படிக்கு,
உன்னைத் தூக்கி வளர்த்த பாவத்துக்கு,
உன் அக்கா.

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்ட எச்சில் தொட்டேன், அச்சுக்கூடக்காரர் வந்து நின்றார். எங்கள் தெருவுக்கான மிச்சப் பிரதிகளைக் கொடுத்துவிட்டுப் போக வந்தாராம். யாருக்கம்மா இவ்வளவு பெரிய கடிதம் என்று கேட்டார், சொன்னேன். அவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்து இரண்டு காகிதம் எடுத்தார். இதழ் வந்து ஒரு மாதம் ஆகும்வரை கையெழுத்துத் தாள்களைக் கம்பியில் குத்தி வைத்திருப்பாராம். கொடுக்கலாமா வேண்டாமா என்று ஒரு வாரமாகப் பையிலேயே வைத்துத் திரிந்தாராம். முதல் தாள் பாஸ்டர் எழுதியது. "கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்" என்று அழகாகத்தான் எழுதியிருக்கிறார். அதை உன் சிவப்பு மையால் நீ அடித்திருக்கிறாய். அதோடு குண்டூசியால் குத்தியிருந்தது பழைய கிடங்கு கேட் பாஸ் ஒன்று. பின்பக்கத்தில் உன் அத்தான் கையெழுத்து, நாலு மாதத்துக்கு முந்தைய தேதி.

"மச்சானுக்கு. என் சாவுச் செய்தியில் நித்திரை என்ற வார்த்தை வரக் கூடாது. முப்பத்தொரு வருஷம் அதைச் சுமந்தாயிற்று. கல்லிலும் அதுவே வந்தால் மூப்பர் எழுதியது சரி என்று ஆகிவிடும். செத்துப்போனான் என்று போட்டால் போதும், அது உண்மை. உங்கள் அக்காவிடம் சொல்ல வேண்டாம், அவள் சண்டை போட்டு நித்திரை என்று போட வைத்துவிடுவாள்."

சண்டை போட்டேன். மேலே எழுதின நாலு தாளும் அதுதான். கிழித்திருப்பேன், ஆனால் எழுதின கை வலிக்கிறது, நீ படித்துவிட்டுக் கிழித்துப்போடு. எட்டாம் பக்கத்தில் ஒன்றையும் திருத்த வேண்டாம். கல்லில் மரித்தார் என்றே கொத்தட்டும். என்னுடைய பாதியிலும், நேரம் வரும்போது, அதே வார்த்தையைப் போடு. நித்திரை என்று போட்டாயோ, எழும்பி வந்துவிடுவேன்.

மன்னிப்பு விஷயத்தையும் முடித்துவிடுகிறேன். வாக்குக் கொடுத்ததற்காக வாயை மூடிக்கொண்டு என் ஏச்சையெல்லாம் வாங்கிக்கொண்டாயே, உன்னை மன்னித்தேன். உன் பெண்டாட்டியைப் பாத்திரத்தோடு மன்னித்தேன். பாஸ்டரையும், அவருடைய அடுப்பையும், இரண்டு டம்ளர் தண்ணீரையும் மன்னித்தேன். பாஸ்டரம்மாவை, பதினாலு பெண்பிள்ளைகளை, கையை மேலே காட்டிய மருமகனை மன்னித்தேன். என்னிடம் சொல்லாமல் உன்னிடம் போய்ச் சொன்ன உன் அத்தானையும், கம்மல் நீங்கலாக, மன்னித்துவிட்டேன், கம்மலை நேரில் பார்த்துப் பேசிக்கொள்வேன். ஒருவர் மட்டும் பாக்கி. பாஸ்டர் நிச்சயமாகச் சொன்னார், அந்த ஒருவர் போதும். உன் அத்தான் மேலேதான் இருக்கிறார் என்று தெரிந்தால் கடைசி மூச்சில் அவரையும் மன்னித்துவிட்டு வருவேன், அதற்கு எவ்வளவு நேரமாகிவிடப் போகிறது. கீழே என்றால் மன்னிக்காமலே போய்ச் சேர்ந்துகொள்வேன். கேட் பாஸ் இல்லாமல் எந்த வாசலிலும் யாரும் நுழைய முடியாது என்று உன் அத்தான் சொல்வார். என்னுடைய கேட் பாஸைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். அதில் எழுதியிருக்கிற பெயர், கிடங்குச் சூப்பர்வைசர்.